வார்டனும் கார்டியனும் ஒரு தாய் பிள்ளைகள்

ஹாஸ்டலில் இரவு கேட்டைப் பூட்டுகிறவர் வார்டன். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அப்பா அம்மா இல்லாத பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் மாமாவோ சித்தப்பாவோ கார்டியன். நம் காதுக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். ஒருவரைக் கண்டால் பயம், மற்றவரைக் கண்டால் ஆறுதல். ஆனால் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சொல். ஓரிரு நூற்றாண்டு இடைவெளியில், பிரெஞ்சு மொழியின் இரண்டு வட்டார வழக்குகள் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, இரண்டு வேலைகளில் அமர்ந்துகொண்டன.

சொல்லாராய்ச்சி என்றாலே ஒலி எப்படித் திரிந்தது என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். இந்தச் சொல்லில் அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. அநாதைப் பிள்ளைக்குக் காவலாக இருப்பது என்பது இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் ஒரு வருமானமாக இருந்தது. விற்றார்கள், வாங்கினார்கள், பரிசாகக் கொடுத்தார்கள். அதைப் பொறுப்பு என்று சட்டம் பார்க்கத் தொடங்கியது ரொம்பப் பின்னால்தான். அந்தப் பழைய காவலின் வாசனை நம்மூர் ஜமீன்களில் கூட வீசியிருக்கிறது. அங்கே போவதற்கு முன் வேரைப் பார்த்துவிடலாம்.

பழைய ஜெர்மானிய மொழிகளில் இந்தச் சொல்லின் அடிப்பொருள் கண் வைத்திருத்தல். வீட்டு கேட்டில் 'பிவேர் ஆஃப் டாக்ஸ்' என்று பலகை தொங்குகிறதே, அந்தப் 'பிவேர்' இதன் சொந்தக்காரன். 'அவேர்' என்பதும் அப்படியே. விழிப்பாக இரு, பார்த்துக்கொண்டிரு என்பதிலிருந்து காவல் என்ற பொருள் கிளைத்தது. தமிழிலும் பிள்ளையைப் 'பார்த்துக்கொள்' என்றுதானே சொல்கிறோம். பார்வையிலிருந்து பராமரிப்புக்குப் போவது எந்த மொழிக்கும் எளிய பயணம் போலிருக்கிறது.

வடக்குப் பிரான்ஸிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பிருந்த பழைய ஆங்கிலத்தில் இது 'வெஆர்ட்'. காவலன் என்றும் பொருள், காவல் என்றும் பொருள். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் என்று சொல்லப்படும் கேட்மன், 7ஆம் நூற்றாண்டில் விட்பி மடாலயத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பாடிய ஒன்பது வரித் துதியில் கடவுளை 'விண்ணரசின் வெஆர்ட்' என்றும் 'மனித குலத்தின் வெஆர்ட்' என்றும் அழைக்கிறார். அன்றைக்கு அவ்வளவு உயரத்தில் இருந்த சொல் இது.

தரையிலும் நிறைய வேலை செய்தது. 'ஹேவார்டு' என்பவர் ஊர்ப் பயிரில் மாடு மேயாமல் வேலியைக் காப்பவர். நம்மூரில் பயிர்க்காவலுக்கு நிற்கும் காவக்காரர் வேலைதான். எட்வர்டு என்ற பெயர் செல்வத்தைக் காப்பவன் என்று பொருள்படும். 'ஸ்டீவர்ட்' என்பது வீட்டைக் காப்பவர். விமானத்தில் இன்று சாப்பாட்டுத் தட்டு நீட்டுகிறவர்வரை அந்தப் பெயர் வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் அரண்மனை ஸ்டீவர்டாக இருந்த குடும்பம் அந்தப் பதவியையே குடும்பப் பெயராக்கி, பிறகு அரியணையும் ஏறியது. அவர்கள்தான் ஸ்டூவர்ட் மன்னர்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'லார்டு'. பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வெஆர்ட்', அதாவது ரொட்டியைக் காப்பவன். நாக்கில் தேய்ந்து தேய்ந்து லார்டு ஆயிற்று. அவன் வீட்டில் அண்டியிருப்பவனுக்கு 'ரொட்டி தின்பவன்' என்று பெயர். செஞ்சோற்றுக் கடன் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோறு யார் கையில் இருக்கிறதோ அவனே தலைவன், சோற்றுக்குக் கட்டுப்பட்டவன் அவன் ஆள். காப்பவன், ஆள்பவன் இரண்டும் ஒரே சொல்லுக்குள் அப்போதே குடியிருந்தார்கள்.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். 'கார்டன்' என்ற தோட்டம் இந்தக் குடும்பமா என்றால், இல்லை. அது வேலியடைத்த இடம் என்ற வேறொரு வேர். அதன் உறவு 'யார்டு'. 'டுவார்ட்ஸ்' என்பதில் வரும் 'வார்டு' கூட இவர்கள் ஆள் இல்லை. அது திரும்புதல் என்ற பொருளுள்ள வேறு வேர். ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

சரி, வார்டனும் கார்டியனும் பிரிந்தது எப்படி? ஜெர்மானிய மொழி பேசிய ஃபிராங்க் இனத்தவர் 5ஆம் நூற்றாண்டு வாக்கில் இன்றைய பிரான்ஸுக்குள் புகுந்தபோது தங்கள் சொல்லையும் கொண்டுபோனார்கள். அங்கே மக்கள் பேசியது லத்தீனின் பேச்சுவழக்கு. ஃபிராங்குகளின் சொல்லில் இருந்தது உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வ'. 'வாட்டர்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது வருவது. பேச்சு லத்தீனில் அந்த ஒலி அதற்குள் வழக்கொழிந்து, பல்லை உதட்டில் வைத்துச் சொல்லும் 'வ'வாக மாறியிருந்தது. புது ஒலியைப் பிடிக்க முடியாமல் அவர்கள் முன்னால் ஒரு 'க' சேர்த்து 'க்வ' என்றார்கள். காந்தி என்னும்போது வருகிற 'க'. நாளடைவில் அந்த 'வ'வும் உதிர்ந்து வெறும் 'க' நின்றது. ஆனால் ஃபிராங்குகள் அடர்த்தியாகக் குடியேறிய வடக்கில், நார்மண்டி, பிக்கார்டி பக்கமெல்லாம், மூல ஒலி அப்படியே பிழைத்துக்கொண்டது. வடக்கே 'வார்டே', பாரிஸ் பக்கம் 'கார்டே'.

1066இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் நார்மன்கள். அவர்கள் வாயிலிருந்து வந்தது 'வ' வடிவம். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் அஞ்சூ பகுதியிலிருந்து வந்த இரண்டாம் ஹென்றி மன்னரானதும், பிறகு பாரிஸ் பிரெஞ்சின் மவுசு ஏறியதும் 'க' வடிவங்கள் வரத் தொடங்கின. ஆங்கிலம் முதலில் வந்ததைத் துரத்தவும் இல்லை, அடுத்து வந்ததை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டது.

இதனால்தான் கடைக்குப் போய் மிக்ஸி வாங்கினால் நமக்கு வாரண்டியும் கிடைக்கிறது, கியாரண்டியும் கிடைக்கிறது. வேர் கொஞ்சம் வேறு, ஆனால் ஒலி பிளந்த விதம் இதேதான். கடிதத்தின் கடைசியில் போடும் 'ரிகார்ட்ஸ்', கிரெடிட் கார்டுக்காரர் தரும் 'ரிவார்டு' பாயிண்ட் இரண்டும் நம் சொல்லின் நேர் வாரிசுகளே. திரும்பிப் பார்த்தல் என்பது மூலப்பொருள். ஒன்று மரியாதை ஆனது, மற்றது சன்மானம் ஆனது. ஆங்கிலத்தில் போர் என்பது 'வார்'. ஸ்பெயினில் 'கெர்ரா', அதன் குட்டி 'கெரில்லா'. ஆங்கிலேயனின் வில்லியம் பிரெஞ்சுக்காரனுக்குக் 'கியோம்'. துணி வைக்கும் 'வார்ட்ரோப்' கூட ஆடைக்காவல்தான்.

ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டுகிற கார்டும் இந்த வம்சம். 2022 ஜனவரியில் ரயில்வே வாரியம் அந்தப் பதவியின் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டது. கார்டு என்றால் வாசலில் நிற்கிற செக்யூரிட்டி என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அந்தப் பணியாளர்களின் நெடுநாள் மனக்குறை. விண்ணரசின் காவலன் என்று தொடங்கிய சொல்லுக்கு இப்படியும் ஒரு காலம்.

அப்புறம் 'வார்டு'. முதலில் காவல் செய்வதைக் குறித்தது. பிறகு காவல் நடக்கிற இடம். லண்டன் நகரம் காவல் வசதிக்காகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வார்டு. இன்றும் லண்டன் சிட்டியில் 25 வார்டுகள் உண்டு. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது. சிறைக்குள் அடைக்கும் பகுதி வார்டு ஆயிற்று, 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்பத்திரிக் கூடமும் வார்டு ஆயிற்று. கடைசியில் அது ஒரு ஆளையும் குறித்தது. அந்த ஆள் காப்பவர் இல்லை, காக்கப்படுபவர். 'வார்டில் இருக்கும் பிள்ளை' என்று சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளையே வார்டு ஆகிவிட்டது. காவலனுக்கு இருந்த பெயர் கைக்குழந்தைக்குப் போய், காவலனுக்குக் கார்டியன் என்று புதுப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. இந்த இடமாற்றத்துக்குப் பின்னால்தான் பணம் இருக்கிறது.

நார்மன் இங்கிலாந்தில் நிலம் எல்லாம் மன்னருடையது என்பது கோட்பாடு. மன்னர் பிரபுக்களுக்குக் கொடுப்பார், அவர்கள் வீரர்களுக்குக் கொடுப்பார்கள். வாங்கியவன் போருக்கு வர வேண்டும். நிலக்காரன் செத்து, வாரிசு சின்னப்பையன் என்றால் போருக்கு யார் வருவது? எனவே பையனுக்கு 21 வயது ஆகும்வரை நிலத்தைப் பிரபுவே எடுத்துக்கொள்வார். விளைச்சல் அவருக்கு. கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நிலத்தோடு பையனும் அவர் கைக்குப் போவான்; பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் போவான். அவனுக்கு யாரைக் கட்டிவைப்பது என்ற உரிமையும் பிரபுவுக்கே. சட்டத்தில் இதற்கு 'உடலின் மீதான காவல்', 'நிலத்தின் மீதான காவல்' என்று இரண்டு கூறுகள். இரண்டையும் தனித்தனியாகவும் விற்கலாம், சேர்த்தும் விற்கலாம்.

1185இல் மன்னர் இரண்டாம் ஹென்றியின் அதிகாரிகள் பன்னிரண்டு மாவட்டங்களைச் சுற்றி ஒரு பட்டியல் எடுத்தார்கள். மன்னரின் பிடியில் உள்ள விதவைகள், பையன்கள், பெண்பிள்ளைகள் பற்றியது அது. இந்தப் பிள்ளைக்கு இத்தனை வயது, நிலத்தின் ஆண்டு வருமானம் இவ்வளவு, அதில் இத்தனை மாடு, இத்தனை ஆடு, இன்னும் எத்தனை விட்டால் எவ்வளவு வருமானம் கூடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை, மாடு, வருமானம் எல்லாம் ஒரே வரியில். காவல் என்ற சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்பதை எந்த அகராதியையும்விட இந்தப் பட்டியல் தெளிவாகச் சொல்கிறது.

1215இல் பிரபுக்கள் ஜான் மன்னரை மடக்கி முத்திரை வாங்கிய மாக்னா கார்ட்டா சாசனத்தில் 4ஆவது, 5ஆவது பிரிவுகள் இதைப் பற்றியவை. காவலர் நியாயமான வருமானம் மட்டும் எடுக்கலாம், ஆட்களையும் பொருட்களையும் அழிக்கக்கூடாது. வீடுகள், மீன்குளங்கள், ஆலைகளைப் பழுதுபார்த்து வைத்து, வாரிசு பெரியவனானதும் ஒப்படைக்க வேண்டும். ஆறாவது பிரிவு, வாரிசுகளைத் தகுதிக்குக் குறைந்த இடத்தில் கட்டிவைக்கக்கூடாது என்கிறது. பேச்சுச் சுதந்திரத்தின் மூதாதை, நீதிமன்ற உரிமையின் தாய் என்றெல்லாம் அந்த ஆவணத்தைப் புகழ்கிறார்கள். அதன் முதல் பக்கக் கவலை இதுதான். எடுக்கவே கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தப் பிரபுக்களும் தங்களுக்குக் கீழே உள்ளவர்களிடம் இதையே செய்துகொண்டிருந்தார்களே!

இருபது வருடம் கழித்து வந்த மெர்ட்டன் சட்டம் இன்னும் நேரடியானது. காவலர் பார்த்த வரனை வேண்டாம் என்று சொல்லும் பையன், அந்தக் கல்யாணத்தின் 'மதிப்பை'க் காவலருக்குக் கட்ட வேண்டும். கல்யாணத்துக்கு விலை உண்டென்றால் மறுப்புக்கும் விலை உண்டு.

எட்டாம் ஹென்றி 1540இல் இதை ஒரு துறையாகவே ஆக்கினார். பெயர் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்'. நீதிமன்றம் என்ற பெயரில் இயங்கிய வசூல் அலுவலகம். எலிசபெத் மகாராணியின் வலக்கரமான வில்லியம் செசில் 1561இலிருந்து 1598இல் சாகும்வரை அதன் தலைவர். கொஞ்ச காலத்திலேயே அவர் மகன் ராபர்ட் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தகப்பனை இழந்த பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலர் செசிலின் வீட்டிலேயே வளர்ந்தார்கள். நல்ல படிப்பு கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. அப்படி வளர்ந்த ஆக்ஸ்போர்டு பிரபு எட்வர்டு டி வெர் 1571இல் செசிலின் மகளையே மணந்தார். அடுத்த தலைமுறையில் இன்னொரு வார்டான சவுத்தாம்ப்டன் பிரபுவுக்கு, அந்த மகள் வயிற்றுப் பேத்தியைப் பேசினார் செசில். பையன் மறுத்துவிட்டான். அதற்காக 5,000 பவுண்டு கட்ட நேர்ந்தது என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது.

இத்தனைக்கும் அதே இங்கிலாந்தில் வேறொரு காவலும் இருந்தது. போர்ச்சேவைக்குக் கட்டுப்படாத, வாரமோ வாடகையோ கொடுத்து வைத்திருந்த நிலத்துக்கு வேறு விதி. அங்கே காவலர் பிரபு இல்லை, சொந்தக்காரர். எந்தச் சொந்தக்காரர் என்பதில்தான் சூட்சுமம். அந்தச் சொத்து தன் கைக்கு வர வாய்ப்பே இல்லாத நெருங்கிய உறவு. அப்பா வழியில் வந்த நிலம் என்றால் அம்மாவோ அம்மா வழிச் சொந்தமோ காவலர். அதாவது பங்காளி கூடாது, தாய்மாமன் வரலாம்! பையனுக்கு 14 வயதானதும் காவலர் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். பையன் செத்தால் லாபம் அடைகிற ஆளிடம் பையனைக் கொடுப்பது ஓநாயிடம் ஆட்டுக்குட்டியைக் கொடுப்பது என்று 15ஆம் நூற்றாண்டு நீதிபதி ஃபோர்ட்டெஸ்கியூ எழுதினார். ரோமானியச் சட்டம் அப்படித்தான் அடுத்த வாரிசிடம் கொடுக்கிறது, எங்கள் சட்டம் மேல் என்பது அவர் வாதம். வீரர்களின் பிள்ளைகளை ஏலம் விடும் வழக்கத்தை அவர் அப்போது மறந்துவிட்டார் போலும்.

ரோமானியரைச் சொன்னதால் ஒன்று. பருவம் வராத பிள்ளைக்கு அவர்கள் சட்டத்தில் 'டுடோர்' என்ற காவலர் உண்டு. காத்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். காவலரே வாத்தியாரும் ஆகி, கடைசியில் வாத்தியார் மட்டும் மிஞ்சினார். 'டியூஷன்' என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் முதல் பொருள் பாதுகாப்பு, காவல் என்பதே. மாலை ஆறு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், பழைய பொருளே சரி என்பார்கள்.

முதலாம் சார்லஸ் மன்னருக்கு எதிரான உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றம் கை ஓங்கியதும், 1646 பிப்ரவரியில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸை மூடியது. 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பியபோது அதைத் திறக்கவில்லை; சட்டம் போட்டு ஒழித்தே விட்டார்கள். ஈடாக பீர், சைடர், காபி, டீ முதலியவற்றின் மீதான கலால் வரி அவருக்குப் போயிற்று. பிரபு வீட்டுப் பிள்ளைகள் சுமந்த வரியை ஊரில் பீர் குடிப்பவர்கள் தலையில் இறக்கினார்கள் என்று சொல்லலாம். இந்த இரண்டாம் சார்லஸ் ஒரு ஸ்டூவர்ட். பெயரிலேயே 'வார்டு' வைத்திருந்த குடும்பத்தின் ஆட்சியில்தான் வார்டுகளின் விற்பனை ஒழிந்தது.

அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. தகப்பன் உயில் எழுதித் தன் பிள்ளைக்குத் தானே காவலரை நியமிக்கலாம். அந்தக் காவலருக்கு இருந்தது குடியானவர் வீட்டுக் காவலரின் அதிகாரமும் பொறுப்பும்; கணக்குக் காட்ட வேண்டும். போர்வீரன் வீட்டுக் காவல் செத்தது, ஏழை வீட்டுக் காவல் பிழைத்தது. இன்று கார்டியன் என்று நாம் சொல்லும்போது மனத்தில் வருகிற ஆள் இந்த இரண்டாவது மரபின் பேரன்.

முதல் மரபு முழுக்க அழிந்துவிட்டதா என்றால், கப்பலேறி நம் பக்கம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1793இல் வங்காளத்திலும் 1804இல் சென்னை மாகாணத்திலும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அதே பெயரில் ஒரு ஏற்பாட்டைச் செய்தது. ரெவின்யூ போர்டு அதிகாரிகளே அந்தக் கோர்ட். நிரந்தரத் தீர்வை முறையில் ஜமீன்தார் வருடா வருடம் பேஷ்குஷ், அதாவது சர்க்காருக்கான நிலவரி, கட்டியாக வேண்டும். வாரிசு சிறுவன் என்றால் திவான்களும் சொந்தக்காரர்களும் சுரண்டி, பேஷ்குஷ் நின்றுபோகும். எனவே ஜமீனைச் சர்க்காரே எடுத்து நடத்தும். வங்காள விதியில், நிர்வகிக்கத் தகுதி இல்லாதவர்கள் பட்டியலில் சிறுவர்கள், மனநிலை சரியில்லாதவர்களோடு பெண்களையும் சேர்த்திருந்தார்கள்.

பழைய இங்கிலாந்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கே வருமானத்தைக் காவலர் விழுங்கவில்லை. கணக்கு வைத்தார்கள், பல ஜமீன்களின் கடனை அடைத்தும் கொடுத்தார்கள். ஆனால் முதல் அக்கறை வரி நிற்கக்கூடாது என்பதே. அடுத்த அக்கறை, பையன் ஆங்கிலேயருக்கு வேண்டிய மாதிரி வளர வேண்டும் என்பது.

தெற்கே இதில் ஒரு முரண் உண்டு. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துப் பாளையக்காரர்கள் ஒரு காலத்தில் ஊர்களிடம் தேசகாவல், ஸ்தலகாவல் என்று காவலுக்கான வரி வாங்கியவர்கள். கம்பெனி அவர்களை அடக்கியதும் அந்தக் காவல் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. ஊருக்குக் காவல் என்று சொல்லிப் பணம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பிறகு வெள்ளைக்காரன் காவலில் வளர்ந்தார்கள்.

பாஸ்கர சேதுபதி அப்படி வளர்ந்தவர். 1868இல் பிறந்தார். 1873இல் தகப்பனார் முத்துராமலிங்க சேதுபதி இறந்ததும் ராமநாதபுரம் ஜமீன் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வசம் போயிற்று. பையனைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஆங்கில ஆசிரியர்களிடம் படிக்கவைத்தார்கள். 1889இல்தான் ஜமீன் அவர் கைக்கு வந்தது. பதினாறு வருடம் சிக்கனமாகக் கட்டிக் காத்ததைச் சேதுபதி அள்ளிக் கொடுத்தார். விவேகானந்தர் சிகாகோ போவதற்கு ஊக்கம் தந்தவர், 1897இல் அவர் பாம்பனில் வந்து இறங்கியபோது வரவேற்றவர். தமிழ்ப் புலவர்களுக்கும் கோயில்களுக்கும் கொடுத்துக் கொடுத்து ஜமீனில் கடன் ஏறியது. 1903இல் இறந்துபோனார். சர்க்காரின் கணக்குப்பிள்ளைகளுக்கு இது ஊதாரித்தனமாகப் பட்டிருக்கும். கொடுப்பதுதான் சேதுபதியாக இருப்பது என்று நினைத்த ஒருவருக்கு, அந்தப் பதினாறு வருடக் காவல் எதைக் கற்றுக்கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எல்லாக் காவலும் இப்படிச் சாந்தமாக முடியவில்லை. சென்னை தேனாம்பேட்டையில் மைனர் ஜமீன்தார்களுக்காக நியூயிங்டன் என்ற விடுதிப்பள்ளி இருந்தது. அதன் தலைவர் டி லா ஹே என்ற ஆங்கிலேயர் 1919 அக்டோபரில் ஓர் இரவு, தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் அங்கே வளர்ந்த பிள்ளைகள் மீதே விழுந்தது. கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் பெயர்கள் அடிபட்டன. சென்னையில் கொந்தளிப்பு அதிகம் என்று வழக்கு பம்பாய்க்குப் போய், விடுதலையில் முடிந்தது. இந்த வழக்குச் செலவுதான் சிங்கம்பட்டி ஜமீன் பின்னாளில் மாஞ்சோலைக் காட்டைத் தேயிலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டதற்குக் காரணம் என்று திருநெல்வேலியில் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

ஜமீன் இல்லாத சாதாரணக் குடும்பங்களுக்காக 1890இல் வந்தது கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் கார்டியன் என்றால் மைனரின் உடலையோ சொத்தையோ இரண்டையுமோ பார்த்துக்கொள்பவர் என்று எழுதியிருக்கிறது. 'உடல்', 'நிலம்' என்ற நார்மன் காலப் பிரிவினை அப்படியே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஆனால் உள்ளே இருக்கும் கடமைகள் மறு மரபைச் சேர்ந்தவை. சாதாரண விவேகமுள்ள ஆள் தன் சொத்தைப் பார்ப்பதுபோல் மைனர் சொத்தைப் பார்க்க வேண்டும். கோர்ட் நியமித்த கார்டியன், கோர்ட் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மைனர் பங்கு உள்ள வீட்டை வாங்கப் போனால் வக்கீல் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: மைனர் சொத்தா, கோர்ட் பர்மிஷன் இருக்கா?

நம் குடும்பநல நீதிமன்றங்களில் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் மனுவுக்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று பெயர். பெற்றோர் இல்லாத பிள்ளையின் சொத்துக்காகப் பிறந்த சட்டம். இன்று அந்த எண்ணில் வருகிற மனுக்களில் பெரும்பாலும் பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பிள்ளை யாரிடம் என்பதுதான் சண்டை.

அந்தச் சண்டையில் அம்மாவின் இடம் மெல்லத்தான் வந்தது. 1660 சட்டம் உயில் எழுதும் உரிமையைத் தகப்பனுக்கு மட்டும் கொடுத்தது. கணவனைப் பிரிந்து, பிள்ளைகளைப் பார்க்கக்கூட முடியாமல் போன கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் நடத்திய போராட்டத்தால், 1839இல்தான் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டு மனுப்போடும் உரிமை இங்கிலாந்தில் தாய்க்கு வந்தது. 1886இல் தகப்பன் இறந்தபின் தாய் காவலர் என்றார்கள். நம் நாட்டில் 1956இல் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் எழுதியபோதும் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்றே எழுதினார்கள்.

அந்த 'அவருக்குப் பின்' என்ற இரண்டு சொல் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மைனர் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிக் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். கார்டியன் என்று அவர் போட்ட கையெழுத்து செல்லாது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1999 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, 'பின்' என்பதற்கு 'இறந்தபின்' என்று பொருள் கொள்ள வேண்டாம், 'இல்லாத நிலையில்' என்று கொள்ளலாம் என்றது. தகப்பன் பிள்ளை விஷயத்தில் அக்கறை இல்லாமல் இருந்தாலோ, பொறுப்பு முழுக்கத் தாயிடம் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தாலோ, அதுவும் இல்லாத நிலையே. சட்டத்தின் வாசகம் மாறவில்லை, வாசித்த விதம் மாறியது. 2015இல் இன்னொரு வழக்கில், மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் கார்டியன் ஆகலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 'அவருக்குப் பின்' என்ற வாசகம் மட்டும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.